ஏணியும் பட்டறையும்: கல்விச் சிக்கல்களுக்குக் கூட்டு வடிவமைப்பு

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி வழியாகக் கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஏர்பேடு ஒரு சிறிய நிலையம். திருப்பதியிலிருந்து வரும் சாலை இங்கு வெங்கடகிரிக்கும் காளஹஸ்திக்குமாகப் பிரிகிறது. சாதி வேறுபாடின்றி அனைவருக்கும் வடமொழிக் கல்வி வழங்க வேண்டும் என்ற கொள்கையுடன் மலையாள சுவாமி 1920-களில் நிறுவிய வியாசாசிரமம் இவ்வூருக்கு அருகில்தான் உள்ளது. 2015-இல் தொடங்கப்பெற்ற திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அதே ஆண்டில் தோன்றிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் தமக்குரிய நிலையான வளாகங்களை ஏர்பேடு மண்டலத்திலேயே அமைத்துக்கொண்டுள்ளன. நாட்டின் மிக உயர்ந்த தொழில்நுட்பக் கல்வியும் கிராமத் தொடக்கப் பள்ளியும் ஒரே மண்டலத்தில் அடுத்தடுத்து நிற்கும் காட்சியை இங்குக் காணலாம்.

இக்காட்சி ஒரு வினாவை எழுப்புகிறது. ஒரு பாலத்தையோ ஓர் இயந்திரத்தையோ அமைக்கும்போது பொறியாளர்கள் முதலில் அதன் தேவையை ஆராய்கின்றனர், மாதிரி செய்கின்றனர், சோதிக்கின்றனர், குறை கண்டால் திருத்துகின்றனர். ஆனால், ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கும்போது, அந்த வகுப்பறையை அத்தகைய கவனத்துடன் வடிவமைப்பவர் யார்? இது சிலருக்கு மட்டும் நேரும் இடர்ப்பாடு அன்று. 2024-25-ஆம் கல்வியாண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் ஒரு இலட்சத்துக்கு மேல் இருந்தன. அவற்றில் 33 இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயின்றனர். மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமே ஏறத்தாழ 12,900 பள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தது.

பாடநூல்கள் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டு என்று கருதிக்கொண்டு எழுதப்படுகின்றன. கால அட்டவணையும், தேர்வும், ஆய்வாளரின் படிவமும் அவ்வாறே. ஆகவே ஓராசிரியர் பள்ளியில் திறமைக் குறைவு என்று தோன்றுவதில் பெரும்பகுதி உண்மையில் வடிவமைப்புக் குறையே எனலாம். அக்குறையை வெளியிலிருந்து வரும் வல்லுநர் ஒருவர் மட்டும் களைந்துவிட முடியாது. அந்த அறையை அன்றாடம் அறிந்தவர்களான ஆசிரியர், பெற்றோர், மாணவர் ஆகியோர் வல்லுநருடன் அமர்ந்து, தீர்வைக் கூடி உருவாக்க வேண்டும். இம்முறையே கூட்டு வடிவமைப்புப் பட்டறை என்று வழங்கப்பெறுகிறது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஏர்பேடு அடங்கியிருந்த பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியிலேயே அது உண்டு.

பட்டறை என்பது யாது?

ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு புதிதன்று. மேடையில் ஒருவர் பேசுவார்; ஏனையோர் குறிப்பெடுப்பர்; மாலையில் வருகைச் சான்றிதழ் வழங்கப்படும். வடிவமைப்புப் பட்டறை இதனின்று அடிப்படையிலேயே வேறுபட்டது. பயிற்சியில், ஏற்கெனவே முடிவு செய்யப்பட்ட ஒன்று ஆசிரியருக்கு அறிவிக்கப்படுகிறது. பட்டறையிலோ, இன்னும் முடிவு செய்யப்படாத ஒன்றை ஆசிரியர் உருவாக்குகிறார். பயிற்சியின் முடிவில் ஆசிரியரின் கையில் குறிப்பேடு இருக்கும். பட்டறையின் முடிவில் மறுநாள் வகுப்பில் சோதிக்கத்தக்க ஒரு பொருள் இருக்க வேண்டும். அது ஓர் அட்டையாகவோ, விளையாட்டாகவோ, இருக்கை முறையாகவோ, கால அட்டவணையாகவோ அமையலாம்.

இம்முறையின் வேர்கள் கல்வித் துறைக்கு வெளியிலும் உள்ளன. 1970-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில், தொழிற்சாலைகளுக்குக் கணிப்பொறி வந்தபோது, அதனால் தம் வேலை எவ்வாறு மாறும் என்பதில் தொழிலாளருக்கும் குரல் வேண்டும் என்று இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கருதியது. கணிப்பொறி அறிஞர் கிறிஸ்டன் நைகார்ட் அச்சங்கத்துடன் இணைந்து பணியாற்றினார். 1981-இல் தொடங்கிய யுடோப்பியா என்னும் திட்டத்தில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் அச்சுத் தொழிலாளர்கள் ஆய்வாளர்களுடன் அமர்ந்து, வரவிருந்த அச்சுக் கருவிகளை அட்டைப் பெட்டிகளைக் கொண்டு மாதிரி செய்து பார்த்தனர். இயந்திரத்தின் நுட்பம் தொழிலாளருக்குத் தெரியாது. வேலையின் நுட்பம் ஆய்வாளருக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவான மொழியாக அந்த அட்டைப் பெட்டி பயன்பட்டது. 1971-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், வடிவமைப்பில் மக்கள் பங்கேற்பு என்பதையே பொருளாகக் கொண்டு ஒரு மாநாடு நடைபெற்றதும் குறிப்பிடத்தக்கது. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் கவனித்து, பின்னர் அதனைத் திருத்தும் பாட ஆய்வு முறை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கில் உள்ளது.

பட்டறையின் நடைமுறையை ஐந்து படிகளாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, சிக்கலை நேரில் காணுதல். இரண்டாவது, அதனைச் சோதிக்கத்தக்க குறுகிய வடிவில் வரையறுத்தல். மூன்றாவது, பல தீர்வுகளைத் தயக்கமின்றி முன்வைத்தல். நான்காவது, அவற்றுள் ஒன்றை எளிய பொருள்களால் மாதிரியாகச் செய்தல். ஐந்தாவது, குழந்தைகளிடம் சோதித்துத் திருத்துதல். இவற்றுள் இரண்டாவதும் ஐந்தாவதுமே கடினமானவை. நடைமுறையில் பெரும்பாலும் கைவிடப்படுபவையும் இவையே.

ஒரு கழித்தல் கணக்கு

இப்படிகளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் கணக்கில் பின்தங்கியுள்ளனர் என்று ஓர் ஆசிரியர் கூறுவதாகக் கொள்வோம். இது குறை கூறல். சிக்கலின் வரையறை அன்று. பட்டறையில் குழந்தைகளின் சிலேட்டுகளை வாங்கிப் பார்க்கும்போது, 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் பலர் 45 என்று எழுதியிருப்பது தெரியவரும். இது கவனக்குறைவால் விளைந்த பிழையன்று. 2-லிருந்து 7-ஐக் கழிக்க இயலாதபோது, பெரிய இலக்கமாகிய 7-லிருந்து சிறியதாகிய 2-ஐக் கழித்து 5 என்றும், 5-லிருந்து 1 போக 4 என்றும் எழுதுகின்றனர். அவர்கள் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகின்றனர். ஆனால் அவ்விதி தவறானது. உலகின் பல நாடுகளிலும் குழந்தைகள் இதே தவற்றைச் செய்வதைக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

இப்போது சிக்கல் தெளிவாகிறது: ஒரு பத்து என்பது பத்து ஒன்றுகளே என்பதைக் குழந்தை கையால் உணரவில்லை. அடுத்து, கடன் வாங்குதல் என்று வகுப்பில் வழங்கும் சொல்லே இடையூறு செய்வதை யாரேனும் சுட்டக்கூடும். வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும் என்று வீட்டில் கேட்டு வளரும் குழந்தைக்கு, வகுப்பில் வாங்கிய கடன் ஏன் திரும்புவதில்லை என்பது புரிவதில்லை. கடைக்குச் சென்று பழகிய ஒரு தாய், பத்து ரூபாய்த் தாளுக்குச் சில்லறை மாற்றுதல் என்று சொல்லலாமே என்று யோசனை கூறலாம். ஆசிரியர் பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிய கட்டுகளையும் புளியங்கொட்டைகளையும் கொண்டு ஒரு விளையாட்டை அமைக்கிறார். மறுநாள் காலை ஆறு குழந்தைகளிடம் அதனைச் சோதிக்கின்றனர். கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதை மூவர் தாமே கண்டுகொள்கின்றனர். மற்ற மூவர் கட்டின் மீதே விரல் வைத்து எண்ண முயல்கின்றனர். அட்டையில் அவிழ்த்த கட்டின் படம் ஒன்று சேர்க்கப்படுகிறது. அன்று மாலை அட்டையின் இரண்டாம் வடிவம் ஆயத்தமாகிறது.

இங்குத் தாயின் அறிவும் ஆசிரியரின் அறிவும் கணித வல்லுநரின் அறிவும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. எவரேனும் ஒருவர் இல்லாதிருந்தால் அந்த அட்டை இந்த வடிவில் பிறந்திராது. வேளாண்மைப் பருவங்களையும் இவ்வாறே கருத வேண்டும். சித்தூர்ப் பகுதியின் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை அறுவடையின்போது பள்ளிக்கு வராத குழந்தை மீண்டும் வரும் நாளில் பாடம் எங்கோ சென்றிருக்கும். வருகைப் பதிவேடு அதனைக் குழந்தையின் தவறாகக் காட்டும். பட்டறையோ, விட்ட இடத்திலிருந்து தொடர இயலாத பாட அமைப்பின் தவறாகக் காணும்.

ரிஷி வேலியில் பிறந்த ஏணி

இத்தகைய அமைப்பை நடைமுறையில் உருவாக்கிக் காட்டிய பெருமை, மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷி வேலிக் கல்வி மையத்தைச் சாரும். மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்ட இம்மையம், தன்னைச் சுற்றிலும் உள்ள சிற்றூர்களின் குழந்தைகளுக்கும் கல்வி அளிக்க முற்பட்டது. 1980-களில் இப்பணியை ஏற்ற பத்மநாப ராவ், ரமா ஆகிய இருவரும், வறட்சிப் பகுதியின் சிற்றூர்களில் ஓராசிரியர் துணைப் பள்ளிகளைத் தொடங்கினர். அவ்வூர்களைச் சேர்ந்த இளைஞர்களும் பெண்களுமே ஆசிரியர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வயதினரான குழந்தைகள் என்ற நிலையை அவர்கள் குறையாகக் கொள்ளவில்லை. வடிவமைப்பின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டனர்.

இவ்வாசிரியர்கள் அடிக்கடி கூடித் தம் வகுப்பறை அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர். பாடநூல் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஊரில் வழங்கும் கதைகள், பாடல்கள், விடுகதைகள், செடிகொடிகளின் பெயர்கள் திரட்டப்பட்டு, அட்டைகளில் இடம்பெற்றன. வகுப்பில் பயன்படாத அட்டைகள் மாற்றப்பட்டன. இம்முயற்சியின் பயனாக உருவான கற்பித்தல் தொகுப்பு பெட்டிக்குள் பள்ளி என்று புகழ்பெற்றது.

அத்தொகுப்பின் நடுநாயகம் கற்றல் ஏணி ஆகும். ஒரு பாடத்தில் குழந்தை அடைய வேண்டிய திறன்கள் மைல்கற்களாக வரிசைப்படுத்தப்பட்டு, ஏணியின் படிகளாகச் சுவரில் தொங்குகின்றன. ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர் பயிற்சி, வளமூட்டல் என்ற வரிசையில் செயல்கள் உள்ளன. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சின்னமும் எண்ணும் உண்டு. குழந்தை ஏணியில் தன் இடத்தைக் கண்டு, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் அமர்கிறது. ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர் ஒரு குழு. ஓரளவு உதவி தேவைப்படுவோர் ஒரு குழு. சக மாணவரின் உதவியால் கற்போர் ஒரு குழு. தாமே கற்போர் ஒரு குழு. இதனால் ஆசிரியரின் நேரம் எங்கு மிகுதியும் தேவையோ அங்குச் செலவாகிறது.

இந்த ஏணியில் ஆண்டிறுதித் தேர்வுக்கு இடமில்லை. மதிப்பீடு ஒவ்வொரு மைல்கல்லிலும் அட்டை வடிவில் நிகழ்ந்துவிடுகிறது. அறுவடைக்குச் சென்று திரும்பிய குழந்தை, தான் விட்ட படியிலேயே மீண்டும் காலூன்றுகிறது. மெட்ரிக் மேளா போன்ற விழாக்களில் குழந்தைகள் பெற்றோர் முன்னிலையில் நிறுத்தும் அளந்தும் கணக்கிட்டும் காட்டுவதால், கற்றலின் முன்னேற்றத்தை ஊராரும் நேரில் காண முடிகிறது. நான்கு குழுக்களுக்கான இருக்கை முறை, சின்னங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி ஆகிய ஒவ்வொன்றும் வகுப்பறையில் எழுந்த ஒரு குறிப்பிட்ட இடர்ப்பாட்டுக்கு விடையாக அமைந்தவை என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எல்லை கடந்த ஏணி

ரிஷி வேலியின் புகழ் அண்டை மாநிலங்களுக்கும் பரவியது. கர்நாடகத்தின் மைசூர் மாவட்டத்தில் உள்ள ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 1995-ஆம் ஆண்டளவில் ரிஷி வேலிக்குச் சென்று, அங்குக் கண்டதைத் தம் பள்ளிகளுக்கு ஏற்றவாறு கன்னடத்தில் அமைத்துக்கொண்டனர். யுனிசெஃப் நிறுவனம் இதற்கு உதவியது. நலி-கலி, அதாவது மகிழ்ந்து கற்றல், என்று பெயர் பெற்ற இம்முறையின் தொடக்க காலத்தில், அட்டைகளை எழுதியவர்களும் அவற்றைப் பயன்படுத்தியவர்களும் ஒரே ஆசிரியர்களாகவே இருந்தனர். 2009-10-இல் இது மாநிலமெங்கும் அரசுப் பள்ளிகளின் முதலிரு வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் இதன் வரலாறு 2003-இல் சென்னையில் தொடங்குகிறது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பி, அவர்களைக் கொண்டே தமிழ் அட்டைகளை உருவாக்கச் செய்தார். முதலில் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, விரைவில் மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராகப் பொறுப்பேற்றபோது, 2007-08-இல் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிவாயிற்று. பெஞ்சுகள் அகன்று பாய்கள் விரிக்கப்பட்டன. குழந்தையின் உயரத்துக்கேற்பச் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. குழந்தைகள் தாமே வருகையைப் பதிவு செய்தனர். காலநிலை அட்டவணையைத் தாமே நிரப்பினர். ஏறத்தாழ 37,000 பள்ளிகளில் ஒரு மாநிலம் இத்தகைய மாற்றத்தைக் கொணர்ந்தமை இந்தியக் கல்வி வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

எனினும், இவ்விரிவாக்கத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. முதல் 13 பள்ளிகளின் ஆசிரியர்கள் அட்டையின் பிறப்பைக் கண்டவர்கள். ஒரு சின்னம் ஏன் அவ்வாறு அமைந்தது, ஒரு செயலைத் தாண்டிச் செல்லலாமா கூடாதா என்பவற்றை அவர்கள் அறிவர். பல்லாயிரம் பள்ளிகளுக்குச் சென்றடைந்தவை அச்சிட்ட அட்டைகள். அவற்றைப் பெற்ற ஆசிரியருக்கு, அட்டை மற்றொரு பாடநூலாகத் தோன்றியதில் வியப்பில்லை. சில இடங்களில் குழந்தைகள் அட்டையில் உள்ளதைப் பார்த்து எழுதி முடித்து அடுத்த அட்டைக்குச் செல்வதே கற்றல் என்று ஆயிற்று. அட்டையின் வரிசையைத் தம் விருப்பப்படி மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்க்கோ மாற்றும் துணிவில்லை. அட்டையை அச்சிட்டு அனுப்ப முடியும். அது பிறந்த பட்டறையை அச்சிட்டு அனுப்ப முடியாது.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் பின்னர்ப் பல மாற்றங்களை அடைந்தது. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கென எண்ணும் எழுத்தும் இயக்கம் தொடங்கப்பெற்றது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்ப வகைப்படுத்தும் அதன் முறையில், வயதையன்றிக் கற்றலையே அளவாகக் கொள்ளும் ஏணியின் அடிப்படைக் கருத்து தொடர்வதைக் காணலாம்.

ஹோஷங்காபாத் காட்டிய வழி

பட்டறையையே விரிவுபடுத்த இயலுமா என்ற ஐயத்துக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு விடை உண்டு. 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் மாநில அரசின் ஒப்புதலுடன் ஓர் அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் சேர்ந்த அறிவியலாளர்கள் கிராமப் பள்ளி ஆசிரியர்களுடன் அமர்ந்து, எளிய பொருள்களைக் கொண்டு செய்யத்தக்க சோதனைகளை உருவாக்கினர். 1978-இல் இது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-இல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றி இப்பணியை முன்னெடுத்துச் சென்றது.

இத்திட்டத்தில் விரிவானவை நூல்கள் மட்டும் அல்ல. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினர். எந்தச் சோதனை வகுப்பில் தோற்றது, ஏன் தோற்றது என்று விவாதித்தனர். பால் வைஞானிக் என்னும் பயிற்சி நூல்கள் அக்கருத்துகளின் அடிப்படையில் மீண்டும் மீண்டும் திருத்தி எழுதப்பட்டன. தேர்வு முறையும் மாற்றப்பட்டது. மாணவர்கள் நூலைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வெழுதினர். செய்முறைத் தேர்வும் உண்டு. வினாத்தாள் அமைப்பதிலும் ஆசிரியர்கள் பங்கு கொண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடைபெற்ற பின்னர், 2002-இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது.

இந்த முடிவிலும் ஒரு பாடம் உள்ளது. வகுப்பறையை எவ்வளவு சிறப்பாக வடிவமைத்தாலும், நிர்வாகத்தில் அதற்கு நிலையான இடமில்லையாயின் ஓர் ஆணையால் அது மறைந்துவிடும். எனவே, பட்டறையில் ஆசிரியரும் பெற்றோரும் மட்டும் பங்குபெற்றால் போதாது. முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற அலுவலரும் அமர வேண்டும். தலைமை தாங்கித் தொடங்கிவைத்துவிட்டு அவர் விடைபெறக் கூடாது. பங்கேற்பவராக இறுதி வரை இருத்தல் வேண்டும்.

பட்டறை தவறும் இடங்கள்

கூட்டு வடிவமைப்பைச் சர்வரோக நிவாரணியாகக் கருதுதல் தவறு. ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதையோ, கழிப்பறை இல்லாமையையோ பட்டறை தீர்க்காது. அவை நிதியாலும் ஆணையாலும் தீர வேண்டியவை. அவற்றைத் தீர்க்க மனமின்றி அவற்றுக்குப் பதிலாகப் பட்டறை நடத்துதல், ஆசிரியரின் பொறுமையைச் சோதிப்பதாகும்.

பட்டறை தன் இயல்பில் தவறும் இடங்களும் உண்டு. மேலலுவலர் இருக்கும் அறையில் ஆசிரியர் வாய் திறவாதிருத்தல் முதலாவது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரை அழைத்துவிட்டு, கரும்பலகையில் எழுதியே விவாதம் நடத்துதல் இரண்டாவது. தீர்வை முன்னரே முடிவு செய்துவிட்டு, ஒப்புதல் பெறுவதற்காக மட்டும் கூட்டம் கூட்டுதல் மூன்றாவது. மாதிரியைக் குழந்தைகளிடம் சோதிக்காமல், அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளுதல் நான்காவது. இவற்றுள் மூன்றாவது மிகவும் தீங்கானது. தம் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை ஒருமுறை உணர்ந்த ஆசிரியர், அடுத்த முறை மெய்யான பட்டறைக்கு அழைத்தாலும் மனம் திறந்து பேசமாட்டார்.

இவற்றுக்கு எளிய மாற்றுகள் உள்ளன. கருத்துகளைப் பெயரின்றித் தாள்களில் எழுதிச் சேகரிக்கலாம். பெற்றோருடன் பேசும்போது பொருள்களையும் படங்களையும் பயன்படுத்தலாம். ஆசிரியர்களும் பெற்றோரும் முதலில் தனித்தனியாகப் பேசிப் பின்னர் ஒன்றாக அமரலாம். பட்டறையின் இரு அமர்வுகளுக்கிடையே குறைந்தது இரண்டு வாரம் வகுப்பறைச் சோதனைக்கு ஒதுக்கலாம்.

ஏற்கெனவே உள்ள கட்டமைப்பு

இதற்கெனப் புதிய துறையோ புதிய பதவியோ தேவையில்லை. அண்டையில் உள்ள பள்ளிகள் ஒன்றுகூடி வளங்களைப் பகிர்ந்துகொள்ளும் பள்ளித் தொகுதி முறையை 1964-66-ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. சித்தூர் மாவட்டத்தின் நிறுவனம் கார்வேட்டிநகரத்தில் உள்ளது. 1990-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் குறுவள மையங்களை வளர்த்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நான்கில் மூன்று பங்கு உறுப்பினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்சார் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது.

கூடும் இடம், கூடுவோர், கூடுவதற்கான நேரம் ஆகிய மூன்றும் இவ்வாறு ஏற்கெனவே உள்ளன. அந்த 50 மணி நேரத்தில் ஒரு பகுதியையேனும் சொற்பொழிவிலிருந்து மீட்டுப் பட்டறைக்கு அளித்தல் வேண்டும். ஒரு பள்ளித் தொகுதி ஓர் ஆண்டில் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதனை மூன்று அமர்வுகளில் தீர்க்க முயன்றாலும், பத்தாண்டுகளில் பத்துச் சிக்கல்களின் தீர்வுகள் அப்பகுதி ஆசிரியர்களின் சொந்த அறிவாகச் சேர்ந்திருக்கும்.

ஏர்பேடு போன்ற மண்டலத்தில் இதற்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு வடிவமைப்பு ஒரு பாடம். அவர்களின் செய்முறைப் பணிகளுக்குக் கிராமத் தொடக்கப் பள்ளியின் உண்மைச் சிக்கல் ஒன்று பொருளாகலாம். ஆனால் அவர்கள் கருவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் செல்பவராக அன்றி, முதலில் சில நாள் வகுப்பறையின் மூலையில் அமர்ந்து கவனிப்பவராக வர வேண்டும். தெலுங்கு வழிப் பள்ளியில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைகளும் பயிலும் இந்த எல்லைப்புறத்தில், எந்தச் சொல் குழந்தைக்குத் தடையாக நிற்கிறது என்பதை ஆசிரியரும் தாயும்தான் அவர்களுக்குக் கற்பிக்க இயலும்.

முடிவுரை

மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் பொருந்தும் தீர்வை நிர்வாகம் விரும்புவது இயல்பு. ஆனால் ரிஷி வேலி, ஹெக்கடதேவனகோட்டை, சென்னை, ஹோஷங்காபாத் ஆகிய நான்கு அனுபவங்களும் ஒன்றையே கூறுகின்றன. கற்றல் அட்டை பட்டறையின் விளைபொருள்களுள் ஒன்று மட்டுமே. அந்த அட்டை ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை அறிந்து, அது பொருந்தாத நாளில் அதனை மாற்றும் துணிவும் உரிமையும் பெற்ற ஆசிரியரே அதன் முதன்மையான விளைபொருள். அத்தகைய ஆசிரியர் இல்லாத பள்ளியில் மிகச் சிறந்த அட்டையும் சில ஆண்டுகளில் அலமாரியைச் சென்றடையும். அவர் உள்ள பள்ளியில், புளியங்கொட்டையும் குச்சிக்கட்டும் கூடக் கணக்கைக் கற்பித்துவிடும்.

எனவே, ஒரு கல்விச் சீர்திருத்தம் எத்தனை பள்ளிகளைச் சென்றடைந்தது என்பதோடு, அதனைத் திருத்தி அமைப்பதில் எத்தனை ஆசிரியர்கள் பங்கு கொண்டனர் என்பதையும் திட்டங்களின் மதிப்பீட்டில் சேர்த்தல் வேண்டும். ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு நடுவே தனித்து நிற்கும் ஆசிரியருக்குச் செய்யத்தக்க மிகப் பெரிய உதவி, அவரைப் போன்ற பதின்மரோடு அவர் மாதம் ஒருமுறை அமர்ந்து பேச ஒரு மேசையை அமைத்துக் கொடுப்பதே ஆகும்.